கத்தரிக்கோல் காலத்து லேயர்கள்

போட்டோவை வெட்டி எடுத்து, பின்னாடி ஒரு பூப்போட்ட பேப்பர், ஓரத்துல ரிப்பன், கீழே லேசா ஒரு நிழல்... போட்டோஷாப்லயோ ஜிம்ப்லயோ இப்படி ஸ்கிராப்புக் பக்கம் செய்யற ஆசை நம்மள்ல பலருக்கு உண்டு. "வேற வேலை இல்லையா? இதெல்லாம் ஒரு கலையா?"ன்னு வீட்ல யாராவது கேட்டிருப்பாங்களே! அவங்களுக்காகத்தான் இந்தக் கதை. 150 வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து சமாச்சாரம்.

1854ல பாரிஸ்ல டிஸ்டேரின்னு ஒரு போட்டோகிராபர் ஒரு புது முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே கண்ணாடித் தகட்டுல பல படம் எடுத்து, அச்சு போட்டு, தனித்தனியா வெட்டி அட்டையில ஒட்டிடறது. சுமார் 6 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவு. 'கார்ட் தெ விசித்'னு பேர். படத்தோட விலை இறங்கிடுச்சு. 1860ல மேயால் என்ற போட்டோகிராபர் விக்டோரியா ராணி குடும்பப் படங்களை இதே அளவுல வெளியிட்டார். அப்புறம் கேக்கணுமா? படம் சேர்க்கிற பைத்தியம் ஊரையே பிடிச்சுக்கிச்சு :-)

ஆனா ஒரு சிக்கல். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதே ஸ்டுடியோ, அதே தூண், அதே திரைச்சீலை, அதே விறைப்பு. இதுல சலிச்சுப் போன மேட்டுக்குடிப் பெண்கள் சிலர் கத்தரிக்கோலைக் கையில எடுத்தாங்க. ஆளை மட்டும் வெட்டி எடுத்துட்டு, ஆல்பம் தாள்ல வாட்டர்கலர்ல ஒரு உலகத்தையே வரைஞ்சு, அதுக்குள்ள ஒட்டிட்டாங்க. நாம இப்ப லேயர், மாஸ்க்னு சொல்றதோட வேலை இதேதானே? (போட்டோஷாப்ல லேயர் வந்ததே 1994லதான்!)

ஜோஸ்லின் சீமாட்டி 1860கள்ல செஞ்ச ஒரு பக்கத்துல, குடும்பத்தார் படங்கள் ஒன்பது சாய்சதுரமா அடுக்கியிருக்கு. சுத்தி செர்ரிப் பூ ஓவியம். இன்னிக்கு டெம்ப்ளேட்னு கொடுத்தாலும் எடுத்துக்குவோம். கேட் கஃப் என்பவர் 1870கள்ல செஞ்ச ஆல்பத்துல வாத்துங்க உடம்பு, பெண்கள் முகம்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபில்மர் சீமாட்டியோடது. 1860கள்ல தன்னோட வரவேற்பறையையே வரைஞ்சு ஆட்களை ஒட்டியிருக்காங்க. நடுவுல அவங்க நிக்கறாங்க, மேசையில ஆல்பமும் பசைப் பாத்திரமும். பக்கத்துல வேல்ஸ் இளவரசர் கம்பீரமா நிக்கறார். வீட்டுக்காரர்? நாய்க்குப் பக்கத்துல, சின்னதா உட்கார்ந்திருக்கார் :-)) அந்தக் காலத்துல ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல முடியாததை, யாரைப் பெரிசா ஒட்டறது, யாரைச் சின்னதா ஒட்டறதுங்கறதுல சொல்லிட்டாங்க பாருங்க. லேஅவுட்டுங்கறது வெறும் அலங்காரம் இல்லை. எதை எங்கே வைக்கறோம்னு முடிவு பண்றதும் ஒரு பேச்சுதான்.

சரி, இவங்களுக்குப் பேர் கிடைச்சுதா? ஒட்டுப்படக் கலைன்னாலே 1912ல பிக்காசோவும் பிராக்கும் தொடங்கினதுன்னுதான் ரொம்ப காலமா சொல்லிட்டு வந்தாங்க. அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே ஒட்டினவங்களோட வேலை, வீட்டு அலமாரியில 'பொழுதுபோக்கா' கிடந்துச்சு. 2009ல சிகாகோ கலைக்கூடத்திலயும் 2010ல நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலயும் இந்தப் பக்கங்களுக்குன்னே தனிக் கண்காட்சி வெச்சப்பதான் நிறைய பேர் நின்னு பார்த்தாங்க.

அது நடக்கறதுக்குக் காரணம், அந்தத் தாள்கள் பத்திரமா இருந்ததுதான். நம்ம பக்கங்கள்? ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் படுத்தா போச்சு. அதனால மக்களே, அடுத்த பக்கம் முடிச்சதும் ஒரு பிரிண்ட் எடுங்க. பின்னாடி உங்க பேரும் வருஷமும் பென்சில்ல எழுதி வைங்க. படத்துல இருக்கறவங்க பேரை மட்டும் இல்லை, செஞ்சவங்க பேரையும்தான்!