கப்பலிலிருந்து காருக்கு: ‘டோட்டல் லாஸ்’ கணக்கு வந்த வழி

விபத்தில் நொறுங்கிய வண்டியைப் பட்டறையில் தட்டி நிமிர்த்தி மீண்டும் ஓட்டிவிட முடியும் என்றாலும், காப்பீட்டு நிறுவனம் அதை முழுச்சேதம் என்று முடிவுகட்டலாம். இழப்பை மதிப்பிடும் சர்வேயர்களும் பட்டறைக்காரர்களும் இதை ‘டோட்டல் லாஸ்’ என்பார்கள். பழுதுபார்க்கும் செலவு வண்டியின் மதிப்புக்குத் தகாதபோது, பிழைக்கக்கூடிய வண்டியும் ஏட்டில் இறந்ததாகிவிடுகிறது. இந்தக் கணக்கு மோட்டார் வாகனத்துக்காகப் பிறந்ததன்று. கார் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் வணிகம் இதை எழுதிவைத்திருந்தது.

பதினான்காம் லூயியின் ஆட்சியில், அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் 1681இல் பிரான்சு ஒரு கடல் சட்டத் தொகுப்பை வெளியிட்டது. கப்பல் எதிரிகளால் பிடிக்கப்பட்டாலோ உடைந்து கரைதட்டினாலோ, உரிமையாளர் அதைக் காப்பீட்டாளரிடம் கைவிட்டுவிட்டு முழுத் தொகையையும் கேட்கலாம் என்ற வழக்கத்துக்கு அது சட்ட வடிவம் தந்தது. இதற்குப் பின்னால் வணிகரின் அவசரம் இருந்தது. பிடிபட்ட கப்பல் மீளுமா, எப்போது மீளும், எந்த நிலையில் மீளும் என்று எவருக்கும் தெரியாது. அதுவரை முதல் முடங்கிக் கிடக்க முடியாது. காத்திருக்கும் வேலையைக் காப்பீட்டாளர் தலையில் வைத்துவிட்டு, வணிகர் அடுத்த சரக்கைப் பார்க்கப் போவார்.

இங்கிலாந்தில் இந்த உரிமைக்கு எல்லை வகுத்தவர் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு. 1758இல் அவர் முன் வந்த வழக்கில், பிரெஞ்சுக்காரர் பிடித்த கப்பல் ஒன்று மீட்கப்பட்டுச் சேதமான நிலையில் பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வந்திருந்தது. பயணமே கெட்டுவிட்டதால் உரிமையாளர் அதைக் கைவிட்டு முழுத் தொகை பெறலாம் என்றார். 1761இல் வந்த இன்னொரு வழக்கிலும் பிடிபட்டு மீட்கப்பட்ட கப்பல்தான். ஆனால் உரிமையாளர் கைவிடும் அறிவிப்பைத் தந்தபோது கப்பல் ஏறக்குறைய நலமாகவே கரை சேர்ந்திருந்தது. இம்முறை முழுத் தொகை மறுக்கப்பட்டது. காப்பீடு இழந்ததை ஈடுசெய்ய மட்டுமே, ஆதாயம் பார்க்க அல்ல என்ற கொள்கை இத்தகைய தீர்ப்புகளில்தான் இறுகியது. பிற்காலத்தில் ஒவ்வொரு கார் சர்வேயரும் நீட்டுவது இந்தக் கொள்கையைத்தான்.

பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டம் இவற்றைத் தொகுத்தது. அதன் 60ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கும் செலவு பழுதுபார்த்த பிறகு கப்பலுக்கு இருக்கும் மதிப்பை மிஞ்சினால் அது முழு இழப்பாகக் கருதத்தக்கது. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டமும் இதையே ஏற்றது. அமெரிக்க நீதிமன்றங்கள் தாராளமாக இருந்தன: செலவு மதிப்பில் பாதியைத் தாண்டினாலே போதும். ஆக, கோடு எங்கே விழவேண்டும் என்பதில் தொடக்கத்திலிருந்தே உலகம் ஒத்துப்போனதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒத்திருந்தார்கள். கைவிடுவதா வேண்டாமா என்று முதலில் முடிவெடுப்பவர் கப்பலின் உரிமையாளர்.

மோட்டார் காப்பீடு வந்தபோது அந்த உரிமை கைமாறியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் மோட்டார் பாலிசிகள் எழுதப்பட்டன. எழுதியவர்கள் கடல், தீ, விபத்துக் காப்பீடுகளில் பழகியவர்கள். அவற்றின் சொற்களையே வெட்டி ஒட்டினார்கள். ஆனால் கைவிடும் அறிவிப்பு காருக்கு வரவில்லை. வண்டியைப் பழுதுபார்த்துத் தருவதா, மாற்று வண்டி தருவதா, பணமாகக் கொடுத்துவிடுவதா என்பது நிறுவனத்தின் விருப்பம் என்ற நிபந்தனை பாலிசியில் ஏறியது. இந்தியப் பாலிசிகளில் அந்த வாசகம் இன்றும் இருக்கிறது. ‘இந்த வண்டி எனக்கு வேண்டாம், முழுப் பணத்தைக் கொடுங்கள்’ என்று உரிமையாளர் சொல்லலாம். சொல்வதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது.

பிரிட்டன் 1930இல் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கான அத்தியாயம் இடம்பெற்றது. போர்க்காலம் கடந்து 1946இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. கட்டாயம் என்பது பிறருக்கு நேரும் கேட்டுக்கு மட்டும். சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு அன்றும் இன்றும் சட்டப்படி விருப்பத்துக்கு உட்பட்டது. நடைமுறையில் அதைக் கட்டாயமாக்கியவர்கள் கடன் கொடுத்தவர்கள். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இல் சென்னையில் தொடங்கப்பட்டு லாரிகளுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியது போன்ற நிகழ்வுகள், தென்னாட்டில் லாரித் தொழிலைப் பெருக்கியதோடு முழுக் காப்பீட்டையும் பெருக்கின. தவணை முடியும்வரை ஆர்.சி. எனப்படும் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். வண்டி டோட்டல் லாஸ் ஆனால் காசோலை முதலில் போவது அங்கேதான். பாக்கிக் கடன் போக மிஞ்சியதே உரிமையாளருக்கு. சில நேரம் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது.

1968இல் காப்பீட்டுச் சட்டத்தில் வந்த திருத்தம் இரண்டு புதிய ஏற்பாடுகளை உருவாக்கியது. பிரீமியத்தையும் பாலிசி வாசகத்தையும் நாடு முழுவதும் ஒரேமாதிரி வகுக்கும் கட்டண ஆலோசனைக் குழு ஒன்று. 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட இழப்பை மதிப்பிட உரிமம் பெற்ற சர்வேயர் வேண்டும் என்ற விதி மற்றொன்று. 1973இல் பொதுக் காப்பீடு நாட்டுடைமை ஆனது. 107 நிறுவனங்கள் நான்காகச் சுருங்கின. அவற்றில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. விலையிலும் வாசகத்திலும் போட்டியே இல்லாத இந்த முப்பது ஆண்டுகளில், வாடிக்கையாளரின் அனுபவத்தைத் தீர்மானித்தது கிளை அலுவலகமும் சர்வேயரும்தான்.

அக்காலத்து ஓயாத சண்டை மதிப்பைப் பற்றியது. பாலிசியில் வண்டிக்கு ஒரு மதிப்பு எழுதப்பட்டிருக்கும். பிரீமியம் அந்தத் தொகைக்கே வசூலாகும். வண்டி நொறுங்கிய பிறகோ, விபத்து நாளில் சந்தை விலை என்ன என்று சர்வேயர் பார்ப்பார். அது குறைவாக இருந்தால் அதுதான் கிடைக்கும். சட்டப்படி இதில் தவறில்லை. மான்ஸ்ஃபீல்டின் கொள்கையே இப்படித்தான் சொல்கிறது. ஆனால் மூன்று லட்சத்துக்குப் பணம் கட்டியவரிடம், வண்டி போன பிறகு ‘அதன் மதிப்பு இரண்டு லட்சம்தான்’ என்பதை எந்தக் கொள்கையாலும் நியாயமாகத் தோன்றச் செய்ய முடியாது. பழைய வண்டிக்கு அச்சிட்ட விலைப்பட்டியல் கிடையாது. தரகர் வாய்மொழியும் சர்வேயரின் அனுபவமும்தான் ஆதாரம்.

2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள் இந்தச் சண்டையை விபத்துக்கு முன்னாலேயே முடித்துவைக்க முயன்றன. ஐ.டி.வி. எனப்படும், காப்பீடு செய்பவர் அறிவிக்கும் மதிப்பு அப்போது பிறந்தது. அதே மாடல் வண்டியின் அன்றைய விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் ஆண்டில் 50. ஐந்தாண்டைத் தாண்டிய வண்டிக்கு இரு தரப்பும் பேசி முடிவு செய்யவேண்டும். எழுதிய மதிப்பு பாலிசிக் காலம் முழுவதும் மாறாது. திருட்டுக்கும் முழுச்சேதத்துக்கும் அதுவே தொகை. 2002க்கு முந்திய குழப்பத்தோடு ஒப்பிட்டால், இந்திய மோட்டார் காப்பீட்டில் வாடிக்கையாளருக்குச் சாதகமாக நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். உச்ச நீதிமன்றமும் 2008இல் ஒரு வழக்கில், மதிப்பை ஒப்புக்கொண்டு அதற்குப் பிரீமியம் வாங்கிய நிறுவனம், இழப்பு நேர்ந்த பிறகு அந்த மதிப்பிலிருந்து பின்வாங்க முடியாது என்ற நிலையை எடுத்தது.

அதே விதிகள்தான் முழுச்சேதத்துக்கான கோட்டையும் கிழித்தன. வண்டியை மீட்கவும் பழுதுபார்க்கவும் ஆகும் மொத்தச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். ஐ.டி.வி. நான்கு லட்சம் என்றால் கோடு மூன்று லட்சத்தில். பிரிட்டிஷ், இந்தியக் கடல் சட்டம் போல நூறு சதவீதம் வரை ஏன் போகவில்லை என்பதற்கு விடை சால்வேஜில், அதாவது சேதமான வண்டியின் மிச்ச மதிப்பில், இருக்கிறது. நொறுங்கிய வண்டி வெறும் இரும்பு அன்று. அதில் எஞ்சின் இருக்கும், கியர்பாக்ஸ் இருக்கும், நான்கு கதவுகளில் குறைந்தது இரண்டு நன்றாக இருக்கும். அதை விற்றால் ஒரு லட்சம் கிடைக்கும் என்றால், மூன்றேகால் லட்சம் செலவழித்துப் பழுதுபார்ப்பதைவிட நான்கு லட்சத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்வது நிறுவனத்துக்கு இலாபம்.

சண்டை ஓயவில்லை, இடம்தான் மாறியது. பட்டறை தரும் எஸ்டிமேட்டில் உதிரி பாகங்கள் புது விலையில் இருக்கும். பாலிசியோ ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம், ஃபைபர் கண்ணாடிப் பாகங்களுக்கு 30 சதவீதம், உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்தே தரும். 75 சதவீதத்தை எதை வைத்து அளப்பது? எஸ்டிமேட்டின் முழுத் தொகையை வைத்தால் வண்டி கோட்டைத் தாண்டிவிடும். தேய்மானம் கழித்த பொறுப்புத் தொகையை வைத்தால் தாண்டாது. ‘பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்று விதியில் உள்ள தொடரை நிறுவனங்கள் தங்கள் பக்கம் படித்தன, உரிமையாளர்கள் தங்கள் பக்கம். ஒரே வண்டிக்கு ஒரு கணக்கில் முழு ஐ.டி.வி., மறு கணக்கில் பாதிச் செலவை உரிமையாளரே சுமக்கும் பழுதுபார்ப்பு. நுகர்வோர் ஆணையங்களுக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் போகும் முழுச்சேத வழக்குகளில் இந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்று வாதாடுவது வாடிக்கையானது. சர்வேயரின் அறிக்கை முக்கியமானது, ஆனால் கடைசி வார்த்தை அன்று என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அறிக்கையை எதிர்த்துச் சாட்சியம் வைக்க உரிமையாளருக்கு வழி கிடைத்தது அப்படித்தான்.

2007 ஜனவரியில் சொந்தச் சேதக் காப்பீட்டின் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியது. நிறுவனங்கள் போட்டிக்காகக் கூடுதல் பாதுகாப்புகளை விற்கத் தொடங்கின. தேய்மானம் கழிக்காத பாலிசி ஒன்று. முழுச்சேதம் ஆனால் ஐ.டி.வி.க்குப் பதில் வாங்கிய பில் தொகையையே தரும் பாலிசி இன்னொன்று. இரண்டும் நிரப்பியது 2002 விதிகள் விட்டுவைத்த இடைவெளியைத்தான்.

மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதும், சென்னையில் 2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம் புகுந்தபோதும், இந்தக் கணக்கு வேறு முகம் காட்டியது. வெளியே ஒரு கீறல் இல்லாத கார்கள் டோட்டல் லாஸ் ஆயின. தண்ணீர் டாஷ்போர்டு உயரம் ஏறினால் வயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டிகள், இருக்கைகள் எல்லாம் போகும். கூட்டினால் கோட்டைத் தாண்டும். எஞ்சின் மட்டும் கெட்டால் வேறு தகராறு. வடிந்தபின் அவசரப்பட்டுச் சாவியைத் திருகி எஞ்சினுக்குள் தண்ணீரை இழுத்தவர்களிடம், அது வெள்ளத்தின் சேதமன்று, பின்விளைவு என்று நிறுவனங்கள் வாதிட்டன. எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை நகர்ப்புறங்களில் விலைபோனதற்கு இந்த மழைகளுக்கும் பங்குண்டு.

முழுச்சேதமான வண்டி எங்கே போகிறது என்பது இந்த வரலாற்றின் இருண்ட பகுதி. பணம் கொடுத்த நிறுவனம் வண்டியை ஏலம் விடும். அல்லது ஏல மதிப்பைக் கழித்துக்கொண்டு வண்டியை உரிமையாளரிடமே விடும். ஆர்.சி.யோடு விடுவதும் ஆர்.சி. இல்லாமல் விடுவதும் வெவ்வேறு விலை. வாங்கியவை சென்னையில் புதுப்பேட்டை, டெல்லியில் மாயாபுரி போன்ற சந்தைகளில் பிரிந்து உதிரிகளாகும். அது நேர்மையான வணிகம். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடைகள் இல்லாமல் முடியாது. ஆனால் ஆர்.சி.யோடு விற்ற சால்வேஜ் வேறொரு தொழிலுக்கும் தீனி போட்டது. இறந்த வண்டியின் ஆவணத்தையும் சேசிஸ் எண்ணையும் வாங்கி, அதே மாடலில் திருடிய வண்டிக்குப் பொறித்தால் திருட்டு வண்டி சட்டபூர்வமாகிவிடும். திருட்டு வண்டிகளைப் பிரிப்பதற்குப் பேர்போன மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தை 2021 இறுதியில் காவல்துறை நடவடிக்கையால் மூடப்பட்டது.

சட்டம் இதற்கு வழி சொல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வண்டி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யவேண்டும் என்கிறது. சிக்கல் ‘நிரந்தரமாக’ என்ற நிபந்தனையில் இருக்கிறது. செலவுக் கணக்கால் மட்டும் முழுச்சேதம் ஆன வண்டி நிரந்தரமாகப் பயன்படாதது அன்று. பணம் போட்டால் ஓடும். 2021இல் வெளிவந்த வாகன உடைப்பு நிலைய விதிகள், விபத்திலோ இயற்கைப் பேரிடரிலோ சேதமான வண்டியை உரிமையாளர் விரும்பினால் பதிவு பெற்ற நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெற வழி செய்தன. விரும்பாவிட்டால், காப்பீட்டு ஏட்டில் இறந்த வண்டி போக்குவரத்து அலுவலக ஏட்டில் உயிரோடு இருக்கலாம்.

பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் இத்தகைய வண்டிகள் ஏ, பி, எஸ், என் என நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன: முதல் வகை முழுதாக நசுக்கப்படவேண்டும், இரண்டாவதில் உதிரிகளை மட்டும் எடுக்கலாம், மூன்றாவது சட்டகம் சேதமானது, நான்காவதில் சட்டகச் சேதம் இல்லை. கடைசி இரண்டும் பழுதுபார்க்கப்பட்டுச் சாலைக்குத் திரும்பலாம். அமெரிக்க மாநிலங்கள் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’ என்று முத்திரையிடுகின்றன. இந்திய ஆர்.சி.யில் அப்படி ஒரு முத்திரைக்கு இடமில்லை. பழைய கார் வாங்குபவர் அதன் காப்பீட்டு வரலாற்றைத் தானே தோண்டித்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.