மணிபல்லவத்து மந்திரமும் தரையிறங்கும் வித்தையும்

தமிழில் ஒருவர் பறக்கக் கற்றுக்கொண்ட மிகப் பழைய கதைகளுள் ஒன்று நமது தீவகத்தோடு தொடர்புடையது. மணிமேகலையைப் புகாரிலிருந்து வான்வழியே எடுத்துச் சென்ற மணிமேகலா தெய்வம், அவளை மணிபல்லவத்தில் சேர்த்து, வேற்றுருக் கொள்ளவும் பசியைப் போக்கவும் வானில் செல்லவும் மந்திரங்களை உபதேசித்தது என்கிறது காப்பியம். மணிபல்லவம் என்பது இன்றைய நயினாதீவே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை வான்வழியே புகாருக்குத் திரும்பினாள். அங்கே எவ்வாறு இறங்கினாள் என்ற கேள்வி காப்பியத்தில் எழவில்லை. மந்திரம் அறியாத மனிதருக்கோ பறத்தலின் வரலாறே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய எதிலும் ஏறி நின்று குதிக்க ஒரு குன்று கிடையாது. சுண்ணாம்புக் கல்லும் மணலும் பனையுமாகக் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் நிலம் அது. இயந்திரமில்லாத இறக்கையில் தொங்கியபடி பறக்கும் ஹாங் கிளைடர்காரர்களோ பெரும்பாலும் மலைச்சரிவில் ஓடித்தான் காற்றில் எழுகிறார்கள். ஆகவே அந்தக் கலைக்கும் தீவகத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று தோன்றலாம். அதன் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

இக்கலையின் முன்னோடியான ஜேர்மனியர் ஒட்டோ லிலியென்தாலும் குன்றைத் தேடியவர்தான். 1894 இல் பெர்லினுக்கு அருகே 15 மீற்றர் உயரமான செயற்கைக் குன்றொன்றை அவர் எழுப்பினார். எத்திசையிலிருந்து காற்று வீசினாலும் அதனை எதிர்கொண்டு ஓடத்தக்கதாக அது கூம்பு வடிவில் அமைந்தது. 1891 முதல் சுமார் 2,000 தடவைகள் பறந்தார். கால்களையும் உடலையும் முன்னும் பின்னும் வீசியே இறக்கையைக் கட்டுப்படுத்தினார். ஆனால் தோள்களும் கைகளும் சட்டகத்துக்குள் அடைபட்டிருந்தமையால் உடலைப் போதிய அளவு நகர்த்த முடியவில்லை. 1896 ஓகஸ்ட் 9 ஆம் திகதி, வேகமிழந்த இறக்கையோடு சுமார் 15 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்தார், மறுநாள் இறந்தார். அத்தனை முறை பத்திரமாக இறங்கியவரை ஒரேயொரு இறக்கம் கொன்றது.

அவர் விட்டுச்சென்ற சிக்கலுக்குத் தீர்வு மலையிலிருந்து வரவில்லை, பட்டத்திலிருந்து வந்தது. வாடைக் காற்றோடு பட்டம் ஏற்றிப் பழகிய யாழ்ப்பாணத்தவருக்கு முச்சை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முச்சையின் மேல்நூல் அளவுக்கு மீறி நீண்டால் பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் காட்டி இழுக்குமேயன்றி மேலேறாது. அளவுக்கு மீறிக் குறுகினால் தலைகுப்புறக் கவிழும். காற்றை எந்தக் கோணத்தில் எதிர்கொள்வது என்பதை முச்சையே தீர்மானிக்கிறது. நூல் அறுந்தால் அந்தக் கோணமும் போய்விடும். பட்டம் தள்ளாடி விழும்.

அமெரிக்கரான பிரான்சிஸ் ரொகல்லோவும் மனைவி கெற்றூட்டும் 1948 இல் சமையலறைத் திரைச்சீலையைக் கொண்டு, வளையும் இறக்கையுடைய பட்டமொன்றைச் செய்தனர். 1951 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. விண்கலத்தைக் கடலில் வீழ்த்தாமல் நிலத்தில் இறக்க இவ்விறக்கை உதவுமா என்று நாசா 1960களில் சோதித்தது; இறுதியில் பரசூட்டே போதுமென்று கைவிட்டது. 1963 இல் அவுஸ்திரேலியாவின் கிறாப்ரன் நகரில் ஜோன் டிக்கின்சன் இதே இறக்கையைக் கையிலெடுத்தார். வாழைக்குலைகளை மூடும் பிளாஸ்ரிக் உறையே அவரது முதல் இறக்கையின் துணி. பறப்பவரை இறக்கையின் கீழே ஒரு புள்ளியில் தொங்கவிட்டு, அவர் கைக்கெதிரே முக்கோணச் சட்டமொன்றைப் பொருத்தினார். சட்டத்தைத் தன்பால் இழுத்தால் உடல் முன்னே செல்லும், மூக்குத் தாழும், வேகம் கூடும். தள்ளினால் மூக்கு உயரும், வேகம் குறையும். இழுகயிற்றை விட்ட பின்னரும் இறக்கை கவிழவில்லை. நூலின் வேலையை மனிதனின் எடை ஏற்றுக்கொண்டது. இது நடந்த இடம் மலையல்ல, கிளாரன்ஸ் ஆறு. இழுத்துச் சென்றது ஒரு படகு.

கடலும் படகும் காற்றும் உள்ள தட்டை நிலத்திலும் எழ முடியும் என்பது அன்றே தெளிவாயிற்று. கடினமானது இறங்குவதுதான். எப்போதும் காற்றை எதிர்கொண்டே இறங்க வேண்டும். மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் இறக்கை, 20 கிலோமீற்றர் எதிர்காற்றில் தரையைப் பொறுத்து 15 கிலோமீற்றரில்தான் நகரும். ஓடி நிற்கக்கூடிய வேகம் அது. பின்காற்றில் இறங்கினால் அதுவே 55 ஆகிவிடும். தரையை அண்மித்ததும் காற்று தளரும்; ஆகவே கூடுதல் வேகத்தோடு வரவேண்டும். பின் தரையை ஒட்டி மிதந்து வேகம் கரையும் கணத்தில் சட்டத்தை முழுவதுமாகத் தள்ள, மூக்கு நிமிர்ந்து இறக்கை நிற்கும். கால்கள் மண்ணில் பதியும். முந்தித் தள்ளினால் மேலெழுந்து விழுவோம். பிந்தினால் மூக்கு மண்ணில் குத்தும். பயில்வோர் தாழ்ந்த சரிவுகளில் திரும்பத் திரும்பப் பழகுவது இந்தக் கணத்தையே. பனந்தோப்புகளுக்குப் பின்னால் காற்றுச் சுழலும் என்பதையும், கடலில் இறங்கினால் நனைந்த துணியும் கம்பிகளும் ஆளைச் சிக்கவைக்கும் என்பதையும் தீவகத்தில் பறக்க நினைப்பவர் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் இளைஞர் சிலர் பெரிய பட்டமொன்றைத் தடித்த கயிற்றில் ஏற்றினர். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, பற்றியிருந்த ஒருவர் சுமார் 30 அடி உயரத்துக்குத் தூக்கப்பட்டார். பின்னர் கயிற்றை விட்டு விழுந்து சிறு காயங்களுடன் தப்பினார். அந்தக் காணொளியை உலகெங்கும் தமிழர் பார்த்து வியந்தனர், சிரித்தனர். லிலியென்தாலின் முடிவை அறிந்தவர்களால் அவ்வளவு எளிதாகச் சிரிக்க முடியாது. அந்த இளைஞரிடம் சட்டமில்லை, தன் எடையால் ஆளும் இறக்கையில்லை; ஏற்றிய காற்றின் தயவில்தான் இறங்கினார்.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பறக்கும் பட்டங்களைப் பார்ப்பவர்கள் நமது இளைஞரின் கைத்திறனை மெச்சாமல் இருக்க முடியாது. பட்டங்கள் பெருக்கப் பெருக்க ஒழுங்கும் பெருக வேண்டும். கயிற்றின் அடியை நிலத்தில் ஊன்றிய கட்டையில் கட்டுவதும், விடு என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் ஒருங்கே விடுவதும் பட்டத்தை ஏற்றுமுன் பேசி முடிவுசெய்ய வேண்டியவை. எழும் ஆசை நமக்கு மணிமேகலை காலத்திலிருந்தே உண்டு. இறங்கும் வழியையும் முன்கூட்டியே பழகிக்கொண்டால் அந்த ஆசைக்கு எவரும் உயிரை விலையாகக் கொடுக்க நேராது.