எக்ஸ்பஞ்ச்மென்ட்

சிறு குற்றத்துக்கான தண்டனைப் பதிவை நீதிமன்ற ஆணையால் நீக்குவதை அமெரிக்கச் சட்டம் ‘எக்ஸ்பஞ்ச்மென்ட்’ என்கிறது. இதன் வேர் குத்துதல் எனப் பொருள்படும் ‘புங்கெரே’ என்ற லத்தீன் வினை. சாலையோரக் கடைகளில் ஒட்டப்படும் பஞ்சரும் அதன் வழி வந்ததே. பட்டியலில் உள்ள பெயருக்குப் புள்ளி குத்தி, அது கழிந்தது எனக் காட்டுவது ‘எக்ஸ்புங்கெரே’. இடைக்கால ஐரோப்பாவில் சுவடி படியெடுத்தோரும் பிழையான எழுத்தின் கீழ்ப் புள்ளி இட்டனர். எழுத்து அழியவில்லை; படிப்பவர் அதைத் தாண்டிச் சென்றார். அடியோடு துடைத்தல் என்ற பொருள் ஆங்கிலத்தில் பின்னர் வலுத்தது. ‘ஸ்பாஞ்ச்’ என்பதன் ஒலிச்சாயலும் அதற்குத் துணைநின்றிருக்கலாம். இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் பொருள் மாறுகிறது: சிலவற்றில் ஆவணமே அழிக்கப்படும், சிலவற்றில் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்படும், அவ்வளவே. தமிழில் இச்சொல்லுக்கு ‘மன்னிப்பு’ ஈடாகாது; மன்னிக்கப்பட்டவரின் பதிவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ‘அழிப்பு’ மிகை. சட்டமன்றச் செய்திகளில் பழகிய ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்’ என்பதையொட்டி ‘பதிவு நீக்கம்’ எனலாம். இரு நிலைக்கும் அது பொருந்தும். பேச்சுவழக்கின் ‘பேரை அடித்தல்’ பழைய லத்தீனுக்கு இன்னும் நெருக்கம், ஆனால் நீதிமன்ற மனுவில் அதை எழுத முடியாது.