பூச்சிகளின் நெடுந்துயிலும் மரபியலும்

முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி ஆகிய நான்கில் ஏதேனும் ஒரு பருவத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, உகந்த காலம் வரும்வரை பூச்சி உயிரோடு காத்திருப்பது நெடுந்துயில். குளிர்நாடுகளில் இதைத் தூண்டுவது பெரும்பாலும் குளிர்காலத்துக்கு முன் குறுகிவரும் பகல். தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலோ வறட்சி. திருநெல்வேலியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணிநேரமே வேறுபாடு. ஆகவே பகல் நீளத்தைவிட மழையே இங்கு நம்பத்தகுந்த அறிகுறி. துயில் ஒரு பூச்சிக் கூட்டத்தின் மரபணுக்களை எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்கு, எவ்வளவு காலம் உறங்குகின்றன என்பதைவிட எல்லாம் ஒருங்கே விழிக்கின்றனவா, தவணை தவணையாக விழிக்கின்றனவா என்பதே விடை தரும்.

இந்தத் துறையின் தொடக்ககால அறிவு பெரும்பாலும் குளிர்நாட்டுப் பூச்சிகளிலிருந்து வந்தது. வில்லியம் மார்ட்டன் வீலர் 1893இல் வெட்டுக்கிளியினத்தின் கரு வளர்ச்சியை ஆராய்ந்தபோது இன்று நெடுந்துயிலைக் குறிக்கும் ‘டயாபாஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஜப்பானின் கோகுரே 1933இல், பட்டுப்புழு முட்டை உறங்குமா என்பதைத் தாய் முட்டையாக இருந்த காலத்தின் வெப்பமும் ஒளியும் தீர்மானிப்பதைக் காட்டினார். மரபியல் சார்ந்த கேள்வி தாவரங்களின் வழியே வந்தது. மழை நிச்சயமில்லாத பாலையில் எல்லா விதையும் ஒரே ஆண்டில் முளைப்பது இழப்பில் முடியலாம் என்று டான் கோஹன் 1966இல் கணக்கிட்டார். மண்ணில் தங்கும் விதைகள் பழைய மரபணுக்களைச் சேமித்து வைப்பதை டெம்பிள்டனும் லெவினும் 1979இல் விளக்கினர். இத்தகைய சேமிப்பு பரிணாம வேகத்தைக் குறைப்பதை ஹேர்ஸ்டனும் டி ஸ்டாசியோவும் 1988இல் பூச்சியல்லாத சிறு நீர்வாழ் ஓட்டுடலி ஒன்றில் காட்டினர்.

ஒருங்கே விழிப்பதற்குத் தமிழகத்தின் மானாவாரி நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழு தெளிவான சான்று. அது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி ஏறத்தாழ 10 மாதம் கிடக்கிறது. முதல் நல்ல மழை பெய்ததும் அந்துகள் திரளாகக் கிளம்புகின்றன. முதிர்ந்த அந்து சில நாட்களே வாழ்வதால், விழிக்கும் நாள் பொருந்தாத இரு கூட்டங்கள் பக்கத்தில் இருந்தாலும் கலக்க வாய்ப்பில்லை. இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவின் ஆப்பிள் ஈ காட்டியது. ஹாதார்ன் பழத்தை உண்டுவந்த ஈக்களில் ஒரு பகுதி 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிளுக்கு மாறியது. பழங்கள் பழுக்கும் காலத்தை ஒட்டித் துயில்காலமும் வேறுபட்டு, இரண்டு கூட்டங்களும் மரபணுவிலேயே விலகின. துயில் நீண்டுவிட்டால் மட்டும் இந்த விதி மாறிவிடாது. யூக்கா அந்துகள் 16, 17 ஆண்டுகள் உறங்கிய பின்னும் திரளாக ஒருங்கே வெளிவந்ததை ஜெரி பாவெல் 1989இல் பதிவுசெய்தார்.

தவணை விழிப்பு இதற்கு நேர்மாறானது. பிரான்ஸின் செஸ்நட் கூன்வண்டில், ஒரே ஆண்டில் மண்ணுக்குள் போன புழுக்களில் சில மறு ஆண்டிலும் சில இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தும் வண்டாக வெளிவருகின்றன. வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவை ஒன்றோடொன்று கூடுவதால், ஒரு கொடிய ஆண்டு அழித்த மரபணு வகையும் மண்ணிலிருந்து திரும்பக் கிடைக்கிறது. திருநெல்வேலியில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு. அதன் முட்டைகள் தொட்டி, டிரம், டயர் ஆகியவற்றில் நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் தாங்கும். நீர் ஏறும்போது எல்லாம் ஒரே தடவையில் பொரிப்பதில்லை. சில அடுத்த நனைவுக்குக் காத்திருக்கும். 2012இல் தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியாகி 66 பேர் இறந்தபோது, கடையநல்லூரை உள்ளடக்கிய அன்றைய நெல்லை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

சில மாத உறக்கத்தை நெடுந்துயிலாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். உடலியல் நோக்கில் கொசு முட்டையின் ஓய்வு டயாபாஸ் ஆகாது என்பதும் சரியே. ஆனால் மரபியலில் காலத்தைத் தலைமுறைகளால்தான் அளக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்தால், ஆறு மாதம் காய்ந்து கிடந்த முட்டை எட்டொன்பது தலைமுறைக்கு முந்தைய மரபணுவைச் சுமந்து வருகிறது. வீட்டுத் தொட்டிகளில் ஆண்டு முழுவதும் கொசு பெருகினால் இந்தச் சேமிப்பின் பங்கு குறையும். தொட்டிகள் வற்றும் கோடையில்தான் அதற்கு எடை கூடும். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: துயிலும் பூச்சிகள் விரைவாக மாறியதற்கே சான்றுகள் உள்ளன. பிட்சர் செடிக் கொசு தன் துயில் தொடங்கும் பகல் நீளத்தை 1972க்கும் 1996க்கும் இடையில் மரபணு அளவில் மாற்றிக்கொண்டதை பிராட்ஷாவும் ஹோல்சாப்ஃபெலும் 2001இல் வெளியிட்டனர். 1985இல் டெக்சாஸில் காலூன்றிய ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசு, சுமார் 20 ஆண்டுகளில் அதே பண்பை வட்டாரத்துக்கேற்ப மாற்றிக்கொண்டது. ஆனால் இவ்விரண்டும் ஆண்டுதோறும் ஒரே குளிர்காலத்தைக் கடந்து, வசந்தத்தில் விழிப்பவை. முழுக் கூட்டமும் ஒரே சோதனைக்கு உட்படும்போது, பழைய மரபணுக்களைத் திருப்பித் தரும் சேமிப்பு இருக்காது. தேர்வு விரைவாக வேலை செய்யும். எனவே இச்சான்றுகள் மேற்சொன்ன வேறுபாட்டை உறுதிப்படுத்தவே செய்கின்றன.

பூச்சிக் கட்டுப்பாட்டிலும் இந்த வேறுபாடு பயன்படுகிறது. கோடை உழவில் கூட்டுப்புழுக்களை வெளிக்கொணர்வதும், முதல் மழைக்குப் பின் விளக்குப்பொறியோ தீமூட்டமோ வைப்பதும் கம்பளிப்புழுவுக்கு எதிராகப் பலன் தருவது, அந்துகள் ஒருங்கே வருவதால்தான். ஏடிஸுக்கோ ஒருமுறை நீரை வடிப்பது போதாது. தொட்டியின் உட்சுவரை வாரந்தோறும் தேய்த்துக் கழுவி, ஒட்டிய முட்டைகளையும் அகற்ற வேண்டும்.