தாய்லாந்தில் மருத்துவச்சி கைக்கு வந்த மாத்திரை

டாக்டர் செய்யும் வேலையை மற்றவர்கள் செய்யலாமா? இந்தக் கேள்விக்கு தாய்லாந்து 1970-இல் சொன்ன பதில், குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் முக்கியமானது.

1950களில் அந்நாட்டு அரசு அதிகக் குழந்தைகள் பெறுவதைத்தான் ஊக்குவித்தது. 1960களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல். ஆனால் "இனிப் போதும்" என்று நினைத்த பெண்கள் கிராமங்களில் ஏராளம். 1964-இல் ராட்சபுரி மாகாணத்தின் போத்தாராம் பகுதியில் நடந்த சோதனைத் திட்டம் இதைக் காட்டியது.

சிக்கல் எங்கே? கருத்தடை மாத்திரையை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். டாக்டர்களோ பெரும்பாலும் பாங்காக்கிலும் பிற நகரங்களிலும் இருந்தனர். வயல் வேலையையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு எத்தனை பெண்கள் அங்கே போக முடியும்? அதே சமயம் கிராம சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற துணை மருத்துவச்சிகள் இருந்தார்கள். பிரசவமே பார்க்கும் அவர்களுக்கு மாத்திரை கொடுக்க மட்டும் அனுமதி இல்லை!

சுகாதார அமைச்சகம் முதலில் சில மாகாணங்களில் மட்டும் அந்த அனுமதியைக் கொடுத்துப் பார்த்தது. அமெரிக்க மருத்துவர் ஆலன் ரோசன்ஃபீல்ட் இதில் ஆலோசகராக இருந்தார். மருத்துவச்சியின் கையில் ஒரு எளிய கேள்வித்தாள். மஞ்சள் காமாலை வந்ததுண்டா? மார்பில் கட்டி உண்டா? காலில் கடும் வலி, வீக்கம்? நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், கடும் தலைவலி? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் மாத்திரை. ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

மருத்துவச்சியிடம் வாங்கிய பெண்கள், டாக்டரிடம் வாங்கியவர்களுக்குச் சற்றும் குறையாமல் தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டனர். 1970-இல் நாடு முழுவதும் அனுமதி வந்தது. சில நூறாக இருந்த மாத்திரை கிடைக்கும் இடங்கள் சில ஆயிரமாகின.

பிறகு செவிலியர்கள் லூப் பொருத்தப் பயிற்சி பெற்றனர். 1974-இல் மீச்சாய் வீரவைத்யா தொடங்கிய அமைப்பு, கிராமக் கடைக்காரர்கள் மூலமும் மாத்திரை, ஆணுறை வழங்கியது. அறுவை சிகிச்சை, சிக்கலான நோயாளிகள் ஆகியவற்றுக்கு டாக்டர்களின் நேரம் மிச்சமானது.

1990களின் தொடக்கத்தில் சராசரி இரண்டு குழந்தைகள் என்றானது. கல்வியும் பொருளாதார வளர்ச்சியும் இதற்குக் காரணம்தான். ஆனாலும் எத்தனை குழந்தை என்ற முடிவு அந்தப் பெண்ணின் கைக்கு வர, பக்கத்து ஊர் மருத்துவச்சியை நம்பியது பெரிதும் உதவியது.

2012-இல் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய பணிப் பகிர்வைப் பரிந்துரைத்தது. தாய்லாந்து அதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது.