பனிமய மாதா ஊரில் ஒரு மார்கழி

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த யாரும் தங்கள் தெருவில் பனி கொட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் ஊருக்கே தாய் பனிமய மாதாதான். ரோமில் ஓர் ஆகஸ்ட் மாதக் கோடையில் குன்றின் மேல் பனி பெய்து, மாதா தனக்குக் கோயில் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தாள் என்பது ஐதீகம். போர்த்துகீசியர் வழியாக முத்துக்குளித்துறைக்கு வந்த பெயர். கோயில் 1713இல் கட்டி முடிக்கப்பட்டது, 1982இல் பசிலிக்கா ஆனது. ஆகஸ்ட் 5 திருவிழா அன்று எங்கள் ஊரில் கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும். பனி என்றால் எங்களுக்கு, மார்கழிக் காலையில் "தலையில துண்ட கட்டுல, பனி எறங்கும்" என்று ஆச்சி சொல்லும் பனி மட்டும்தான்.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் பெரிய பனிப்புயல் அடித்தது. என் டீமில் ஒருவர் அந்த ஊர்க்காரர். கிறிஸ்துமஸ் சமயத்தில் மூன்று நாள் வாசல் கதவைத் திறக்க முடியாமல், கரண்ட் போய், வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்ததை ஜனவரியில் ஒரு மீட்டிங்கில் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, உங்கள் ஊரில் புயல் வருமா என்று கேட்டார். "எங்க ஊர்ல மழையே வராது, உப்புதான் விளையும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பொய்யும் இல்லை. வருஷம் முழுக்கச் சேர்த்தால் 65 செ.மீ. மழை பெய்தால் அதிகம். வானம் பொய்த்தால்தான் உப்பளத்துக்குக் கொண்டாட்டம்.

சரியாக ஒரு வருஷம் கழிந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா, ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு முந்தின நாளே திருச்செந்தூர் போயிருந்தாள். மார்கழி ஒண்ணாந்தேதி முருகனைக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸில் சென்னை திரும்புவதாகத் திட்டம். நான் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வந்து தூத்துக்குடி வீட்டில் இருந்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ராத்திரி ஒன்பதரை மணிக்கு அக்கா போன் செய்தாள். "ஸ்ரீவைகுண்டத்துல வண்டிய நிறுத்திட்டான்டா. ஏன்னு தெரியல. சார்ஜ் கம்மியா இருக்கு, வச்சிருதேன்."

அதற்கப்புறம் அவளிடமிருந்து இரண்டு நாளைக்குச் சத்தமே இல்லை.

அந்தப் புயலுக்குப் பெயர் கிடையாது. அது புயலே கிடையாது என்பதுதான் விசேஷம். அதே மாதம் முதல் வாரத்தில் சென்னையை முக்கிய மிக்ஜாம் புயலுக்குப் பெயர் இருந்தது, வரைபடத்தில் பாதை இருந்தது, டிவியில் நாள் முழுக்க அம்புக்குறி ஓடியது. எங்களுக்கு வந்தது குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. செய்தியில் தினமும் கேட்டு யாரும் காதில் வாங்காத சொல். அது நகராமல் நின்று, கொண்டல் காற்றில் கடலின் ஈரத்தை இழுத்து இழுத்து ஒரே இடத்தில் கொட்டியது. திங்கள் காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53. காயல்பட்டினத்துக்காரர்கள் ஒன்றரை வருஷத்து மழையை ஒரே நாளில் வாங்கிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் ஒரே நாளில் இதைவிட அதிகமாகப் பெய்ததும் இதே வட்டாரத்தில்தான். 1992 நவம்பரில் மாஞ்சோலைப் பக்கம் காக்காச்சியில் 96 செ.மீ.க்கு மேல். ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 92இல் மழை கொட்டியது மலையில். தண்ணீர் அணைக்கு வந்து, அணையிலிருந்து தாமிரபரணியில் இறங்கி வந்தது. பயங்கரமான வெள்ளம்தான், ஆனால் அதற்கு ஒரு வழி இருந்தது. 2023இல் மழை விழுந்ததே சமவெளியில், கடலோரத்தில். அந்தத் தண்ணீரைப் பிடிக்க அணை கிடையாது, குளங்கள்தான். ஒரு குளம் உடைந்தால் அதன் தண்ணீர் அடுத்த குளத்தின் கரையில் போய் மோதும். தூத்துக்குடிக்குள் வந்ததும் நிறைய பேர் நினைப்பதுபோல் தாமிரபரணித் தண்ணீர் இல்லை. கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் காட்டு வெள்ளம் ஓடைகளில் இறங்கி, கோரம்பள்ளம் குளத்தை உடைத்துக்கொண்டு வந்தது.

என் அப்பா 1996இல் வீடு கட்டும்போது, 92 மழைக்குத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு மேல் ஒன்றரை அடி சேர்த்து அஸ்திவாரம் எழுப்பினார். ஊரிலேயே உயரமான வாசல்படி எங்களுடையது என்று அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒரே ஒரு டெஸ்ட் கேஸை வைத்துக்கொண்டு எழுதிய புரோகிராம் அது. நானும் தினமும் ஆபீஸில் அதைத்தான் செய்கிறேன் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்றால் இனி நூறு வருஷம் கவலையில்லை என்று அர்த்தமாகாது, ஒவ்வொரு வருஷமும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் அர்த்தம். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். திங்கள் விடியற்காலை கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது கணுக்கால்வரை தண்ணீர்.

ஆச்சியை நாற்காலியோடு தூக்கி மாடி அறைக்குக் கொண்டுபோனோம். எண்பத்து மூன்று வயது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெருவில் கார்களின் கூரை மட்டும் தெரிந்தது. மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி ரேடியோவைப் பிடித்துவிட்டு மாடிச்சுவரில் நின்று கத்தினார்: "ஸ்ரீவைகுண்டத்துல ரயிலு மாட்டிக்கிட்டாம். எண்ணூறு பேராம்."

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா, "இன்னேரம் வண்டிய எடுத்திருப்பாங்க, மணியாச்சி தாண்டியிருக்கும்" என்று சமாதானம் சொன்னார். ஆச்சிக்கு அந்தச் சமாதானம்தான் தாங்கவில்லை.

"எடுக்கக் கூடாதுய்யா. வண்டி நவுறவே கூடாது. நின்ன எடத்துலயே நிக்கட்டும்."

எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து கேட்ட கதை. ஆச்சியின் அக்கா வீட்டுக்காரர் கருவாட்டு வியாபாரி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்குச் சரக்கு எடுக்கப் போனவர் திரும்பவில்லை. அவர் ரயிலில் இருந்தாரா, ஊருக்குள் இருந்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஆச்சி மட்டும் ரயிலில்தான் இருந்தார் என்று முடிவு செய்துகொண்டாள். கதையை எப்போதும் ஒரே வரியில்தான் முடிப்பாள்: "சிக்னலு இல்லாம வண்டிய எடுத்துட்டானுவ."

டிசம்பர் 22 ராத்திரி, இலங்கையைக் குறுக்கே தாண்டி வந்த புயல் தனுஷ்கோடியில் ஏறியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் சிக்னல் கிடைக்காமல் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்த டிரைவர் விசிலடித்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்கிறார்கள். நிற்பதைவிட ஊருக்குள் போய்விடுவது பத்திரம் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். அலை வந்து மொத்த ரயிலையும் புரட்டிப் போட்டது. உள்ளே நூறு பேருக்கு மேல். புயலில் இறந்தவர்கள் மொத்தம் 1800 பேர்வரை இருக்கலாம் என்பார்கள். பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். பின்னாளில் கொங்கன் ரயில் பாதையும் டெல்லி மெட்ரோவும் அமைத்த அதே ஸ்ரீதரன். தனுஷ்கோடியைச் சரிசெய்ய யாரும் முயலவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்ததோடு அந்த ஊர் முடிந்தது.

தூத்துக்குடிக்காரனுக்கு இதில் இன்னொரு கணக்கு உண்டு. 1914 வரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் எங்கள் ஊருக்கு ரயிலில் வந்து, இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். அந்த வருஷம் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயிலும் அதன் பயணிகளும் தனுஷ்கோடிக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து தலைமன்னார் கூப்பிடு தூரம். எங்கள் ஊரை முந்திக்கொண்டு எழுந்த துறை சரியாக ஐம்பது வருஷம் நின்றது.

இந்தக் கரையில் துறைகளுக்கு ஆயுசு அவ்வளவுதான் போலிருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கைக்கு இன்று போனால் வாழைத் தோட்டமும் குளமும்தான் பார்க்கலாம். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்த கால்டுவெல், 1881இல் வந்த தன் திருநெல்வேலி வரலாற்றில் இதற்கு விளக்கம் சொல்கிறார். தாமிரபரணி ஒவ்வொரு வெள்ளத்திலும் கொண்டுவந்து போட்ட வண்டல்தான் கடலைத் தள்ளியது. கொற்கை தூர்ந்ததும் துறை காயலுக்கு நகர்ந்தது, 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயல். அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல். பிறகு, ஆற்றின் வாயிலிருந்து விலகி நின்ற தூத்துக்குடி. 2023 டிசம்பரில் ஏரல் பாலத்தை உடைத்துக்கொண்டு போன வெள்ளம், இந்தப் பழைய துறைகள் கிடக்கும் அதே வயல்களின் மேல்தான் ஓடியது. பள்ளிக்கூடத்தில் கொற்கையைப் பற்றி நாலு பக்கம் படித்தோம், முத்து, யவனர், இரட்டை மீன் எல்லாம் வந்தது. அந்த ஊர் எப்படிச் செத்தது என்று ஒரு வரி இருந்ததாக ஞாபகம் இல்லை.

இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு மாடியில் கொற்கையைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஆச்சியின் இன்சுலின் கெட்டுவிடுமா என்றுதான் யோசித்தேன். செத்துப்போன ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் வைத்தேன். சாதாரண அறைச் சூட்டில் அது பல நாள் தாங்கும் என்று டாக்டர் பிறகு சொன்னபோது, இடுப்பளவு தண்ணீரில் ஐஸ் கட்டி தேடி அலைந்த இரண்டு மணி நேரம் ஞாபகம் வந்தது. கடற்கரையில் கிடந்த வள்ளத்தை மினி லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து, தெருவில் இறக்கி ஓட்டிய மீன்பிடிப் பையன்கள்தான் என்னைத் திட்டி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். "அண்ணே, இதுல எவன்ணே ஐஸு விப்பான்?"

செவ்வாய் இரவு மாடியில் ஒரு மூலையில் ஒரு புள்ளி சிக்னல் வந்தது. அக்காவின் குரலும் வந்தது. வாஞ்சி மணியாச்சியில் இருந்தாள், ஸ்பெஷல் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் மட்டும் கயிற்று ஏணிபோல அந்தரத்தில் தொங்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்டியை ஸ்டேஷனிலேயே நிறுத்திவைத்ததால் அந்த இடத்துக்கு அது போகவில்லை. கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் சாலையும் போய்விட, ஐந்நூறு பேர்போல ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டார்கள். புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிக்கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான். பிள்ளைக்கு யாரோ ஒரு அம்மா தூக்குவாளியில் பால் கொண்டுவந்தாளாம். பெயர்கூடக் கேட்கவில்லையே என்று அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஹெலிகாப்டர் பொட்டலம் போட்டது அதற்கப்புறம்தான்.

போனை ஆச்சி காதில் வைத்தேன். சாப்பிட்டியா, நனைஞ்சியா என்று எதுவும் கேட்கவில்லை.

"ஏட்டி, ராத்திரி வண்டி நின்னப்ப, எடுக்கச் சொல்லி யாரும் சத்தம் போட்டாவளா?"

"எல்லாரும்தான் போட்டாங்க ஆச்சி. நானும் போட்டேன். சிக்னல் இல்லன்னுட்டாங்க."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை என்னிடம் நீட்டிக்கொண்டே, அந்த ஸ்டேஷன்காரங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள். நான் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.