மாற்கு ஆலயத்தில் ட்ராம்போன்

ட்ராம்போன் என்றதும் இராணுவ அணிவகுப்பும் ஜாஸ் மேடையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. முழங்குவதற்கென்றே பிறந்த பித்தளை என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். இது நாம் அதற்குச் செய்யும் அநீதி. பதினாறாம் நூற்றாண்டு வெனிஸில் அது மனிதக் குரலோடு இணைந்து ஒலித்த வாத்தியம்.

வெனிஸின் புனித மாற்கு ஆலயம் அன்று பேராலயம் அல்ல. குடியரசின் தலைவரான டோஜின் சொந்த வழிபாட்டிடம். 1807இல்தான் அது பேராலயமாயிற்று. ஆகவே அங்கே இசை என்பது வழிபாடு மட்டுமன்று, அரசின் பெருமிதமும்கூட. 1568இல் ஜிரோலமோ டல்லா காஸாவும் அவருடைய சகோதரர்களும் நிரந்தர ஊதியத்தில் வாத்தியக் கலைஞர்களாக அமர்த்தப்பட்டார்கள்.

அக்கால ட்ராம்போனின் வாய் இன்றையதைவிடக் குறுகியது, ஒலி மென்மையானது. நீண்டு சுருங்கும் அதன் குழலில் சுருதிக்கென்று வரையறுத்த இடங்கள் இல்லை. பாடகர் எந்த நுண்ணிய இடத்தில் நிற்கிறாரோ அங்கேயே வாசிப்பவரும் போய் நிற்கலாம். மற்ற பித்தளை வாத்தியங்களுக்கு அன்று இந்த வசதி கிடையாது.

கட்டடமும் துணை செய்தது. ஐந்து கவிகைமாடங்களின் கீழ் எழும் ஒலி சில விநாடிகள் தங்கிவிடுகிறது. எதிரெதிரே இரண்டு ஆர்கன் மாடங்கள். அவசர அவசரமாக ஸ்வரங்களை அடுக்கினால் எல்லாம் குழம்பிவிடும். 1585 முதல் அங்கே ஆர்கன் வாசித்த ஜியோவான்னி காப்ரியேலி இதை நன்கறிந்தவர். 1597இல் அச்சான அவருடைய 'சொனாட்டா பியான் எ ஃபோர்ட்டே'யில் இரண்டு குழுக்கள், ஆறு ட்ராம்போன்கள். ஒரு குழு தனித்து ஒலிக்கையில் 'மெல்ல', இரண்டும் சேர்கையில் 'உரக்க' என்று தாளிலேயே குறித்திருக்கிறார். எந்த வரியை எந்த வாத்தியம் வாசிக்க வேண்டும் என்பதும் உண்டு. இவ்விரண்டையும் அச்சில் குறித்த மிகப் பழைய ஆக்கங்களுள் இது ஒன்று. பித்தளையிடம் ஒருவர் 'மெல்ல' என்று கேட்டிருக்கிறார் என்பதே நமக்கு வியப்பு.

1968இல் மூன்று அமெரிக்க இசைக்குழுக்களின் பித்தளைக் கலைஞர்கள் காப்ரியேலியின் படைப்புகளை இசைத்தட்டாக்கினார்கள். கம்பீரமான பதிவுதான். ஆனால் வாசிக்கப்பட்டவை பெரிய வாயுடைய நவீன வாத்தியங்கள். அந்த 'மெல்ல' அதில் பாதிதான் கேட்கிறது.

முழுதாகக் கேட்க அவருடைய ஜெர்மானிய மாணவர் ஹைன்ரிஷ் ஷ்யூட்ஸிடம் போகவேண்டும். 1629இல் வெனிஸிலேயே அச்சான அவருடைய தொகுப்பில் மகன் அப்சலோமை இழந்த தாவீதின் புலம்பல் இருக்கிறது. கீழ்ஸ்தாயியில் ஒரே ஓர் ஆண்குரல். அதைச் சுற்றி நான்கு ட்ராம்போன்கள், அழுபவன் தோளில் கை வைத்தவர்களைப் போல.